கீழே ஒன்றுமில்லை

வலப்பக்கம் முதலில் என்று பள்ளிவாசல் மோதினார் சொன்னதும் ஃபாரூக் செம்பைக் கைமாற்றிக்கொண்டு அத்தாவின் வலத் தோளில் தண்ணீரை விட்டான். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். சூடு அதிகமாக இருக்கிறதா என்று மோதினார் தம் முழங்கையை விட்டு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார். உயிரோடிருப்பவரைக் குளிப்பாட்டுவது போலத்தான் எல்லாம் நடந்தது. மெல்லத் திருப்பினார்கள், மெல்லத் தேய்த்தார்கள், இடுப்புத் துணி விலகிவிடாமல் இருவர் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து துடைத்தபின் மோதினார் பஞ்சை இரண்டாகக் கிள்ளி ஃபாரூக்கிடம் நீட்டினார். ஒன்று இந்தக் காதுக்கு, ஒன்று அந்தக் காதுக்கு.

நாற்பது வருஷம் பஞ்சில் புரண்ட மனிதர் அத்தா கலீல் ரகுமான். பூந்தமல்லியில் அவர் கையால் தைத்த மெத்தையில் படுத்து எழுந்த வீடுகள் எத்தனையோ. பஞ்சு புதிதல்ல அவருக்கு. ஆனால் வலக்காதில் அதை வைக்கப்போன ஃபாரூக்கின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"வைங்க தம்பி" என்றார் மோதினார்.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தக் காதருகே குனிந்துதான் அவன் ஒரு பொய் சொல்லியிருந்தான்.

அவன் வைத்தான்.

ஃபாரூக்கின் தொழில் இன்னதென்று பூந்தமல்லியில் பலருக்கு விளங்காது. கள்ளிக்குப்பத்தில் வெற்றிச்செல்வன் வீட்டு மாடியில் அறை. வெற்றிச்செல்வன் ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவன். பழைய கருவிகளை ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவன். ஃபாரூக்குக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ஜனங்கள் பரணிலிருந்து இறக்கிய கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்யாண நலங்குப் பாட்டு, சர்ச் பாடகர் குழு, செத்துப்போன மாமனாரின் மேடைப் பேச்சு. பூஞ்சையைத் துடைத்து, அறுந்ததை ஒட்டி, ஓடவிட்டு, இரைச்சலைக் குறைத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஃபாரூக் ஒரு சீட்டு எழுதி ஒட்டுவான்: யாருடையது, எந்தப் பக்கத்தில் என்ன, எத்தனை நிமிடம், என்ன பழுது. பேச்சு முடிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தாதே, டேப்பு தீரும்வரை ஓடவிடு என்று வெற்றிச்செல்வனுக்குச் சட்டம் போட்டவனும் அவன்தான்.

போன ரமலானில், நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு, அத்தா அவனை மாடிப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு கேசட்டைக் கொடுத்தார். பச்சை டப்பா. அம்மாவின் அலமாரியில் குர்ஆனுக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பது.

"இதுல உங்க அக்கா கீறா" என்றார். "என் பேச்சுக்கு அடியில கீறா. எடுத்துக் குடுக்க முடியுமாடா?"

ஃபாரூக்குக்கு அக்கா என்பது ஒரு பெயர் மட்டும்தான். ரூஹி. அவன் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு, நான்கு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டவள். போட்டோ கிடையாது. அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அன்று மாடிப்படியில் அத்தா பேசியதுதான் முதலும் கடைசியும்.

அவர் அப்போது அரபு நாட்டில், தம்மாமில், சோபா தைக்கும் பட்டறையில் இருந்தார். கடிதம் எழுத அவருக்கும் வராது, படிக்க அம்மாவுக்கும் வராது. ஆகவே கேசட்டு. ஊருக்குப் போகிறவர் கையில் அவர் பேசிக் கொடுத்தனுப்புவார். அதைக் கேட்டுவிட்டு அம்மா பதில் பேசி, திரும்பிப் போகிறவர் கையில் கொடுப்பாள். போகவும் வரவும் ஒரே கேசட்டுதான். அதன் பி பக்கத்தில் ஒரு ஹஜ்ரத் குர்ஆன் ஓதியிருந்தார். அதை அழிப்பது பாவம் என்று இருவருமே அதைத் தொடவில்லை. அதனால் ஏ பக்கத்திலேயே அவர் பேச்சின்மேல் அவள் பேசினாள், அவள் பேச்சின்மேல் அவர் பேசினார்.

ஒருமுறை அம்மா தான் பேசாமல் ரூஹியைப் பேசவிட்டு அனுப்பியிருந்தாள். அத்தா அதைத் தன் அறையிலிருந்த எட்டுப் பேருக்கும் போட்டுக் காட்டினார். பிறகு வழக்கம்போல அதன்மேலேயே பதில் பேசி அனுப்பிவிட்டார். கேசட்டு ஊருக்கு வந்து சேர்ந்தபோது ரூஹியை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிழைக்கப் போன இடத்தில் மனசு கலங்கிவிடும், வரும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று பெரியவர்கள் அவருக்குச் சொல்லவில்லை. பதினான்கு மாதம் கழித்து வந்தபோதுதான் தெரிந்துகொண்டார்.

மறுநாளே ஃபாரூக் கேசட்டை ஓட்டிப் பார்த்தான். கேட்பதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். டேப்பில் ஒரு குரலின்மேல் இன்னொரு குரல் ஏறி உட்காருவதில்லை. பதியும் ஹெட்டுக்கு முன்னால் அழிக்கும் ஹெட் ஒன்று இருக்கிறது, அது முதலில் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வழிவிடும். பத்து நிமிடம் கேட்டான். முப்பது வயது அத்தா, பட்டறையின் ஏசி பற்றியும் குபூஸ் ரொட்டி பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அதற்குமேல் கேட்க அவனால் முடியவில்லை. நிறுத்திவிட்டான். கேசட்டின் முதுகில், ஏ பக்கத்துக்கான தடுப்புத்துண்டை யாரோ நெம்பி உடைத்திருந்தார்கள். இனி இதன்மேல் யாரும் பதியக் கூடாது என்பவர்கள் செய்வது. அத்தாதான் உடைத்திருப்பார், எல்லாம் போனபிறகு, என்று நினைத்துக்கொண்டான். சீட்டு எழுதினான்: ‘அத்தா. ஏ பக்கம், அவர் பேச்சு. பி பக்கம், ஓதல். கீழே ஒன்றுமில்லை.’

அத்தாவிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றான். வேலை நடக்கிறது என்றான். ஆறு மாதம் ஓடிற்று. அவருடைய நுரையீரலில் பஞ்சுத் தூசு சேர்ந்து கெட்டித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். நேற்று அஸருக்குப் பிறகு அவர் கண்ணைத் திறந்து, அறையில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"புள்ள கொரலு வந்துச்சாடா?"

"வருது அத்தா. கொஞ்சம் கொஞ்சமா வருது."

அதோடு விடுவார் என்று நினைத்தான். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "இன்னா சொல்றா?" என்றார். இதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"‘அத்தா’ன்றா" என்றான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எப்பக் கேக்கலாம் என்றார். நாளைக்கு என்றான். இன்று காலை ஏழு மணிக்கு, அம்மா கொடுத்த ஜம்ஜம் தண்ணீர் உதட்டோரம் வழிய, அவர் போய்விட்டார்.

அஸர் தொழுகை முடிந்து ஜனாஸா தொழுகை. சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். மெட்ரோ தூண்களுக்கடியில் போக்குவரத்து ஒரு நிமிடம் நின்று வழிவிட்டது. மையவாடியில் மூன்று பிடி மண் போட்டபோது, முதல் பிடி எங்கே விழுந்தது என்று ஃபாரூக்கின் கண் தேடியது. அத்தாவின் குழிக்குப் பக்கத்தில் சின்ன மேடுகள் பல இருந்தன, பெயர்க்கல் இல்லாதவை. இவற்றில் ரூஹியுடையது எது என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

வெற்றிச்செல்வன் மையவாடி கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். ஃபாரூக் வந்ததும் தோளில் கை போட்டான்.

"என்னப் பாத்தா உங்கத்தா, இன்னா மைக்கு, இன்னிக்கு எந்த ஊர எழுப்பிவுட்டேன்னு கேப்பாரு மச்சான்" என்றான். கூடவே நடந்து வந்து, வீட்டு ரோட்டு முனையில், வாடகை நாற்காலி கணக்கைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பிரிந்தான்.

அம்மா உள்ளறையில் இருந்தாள். வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். இனி நான்கு மாதம் பத்து நாள் இத்தா, வாசல் தாண்டக் கூடாது. கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அத்தா தலைமாட்டில் எப்போதும் வைத்திருக்கும் உள்ளங்கையகல வெல்வெட் தலையணை மட்டும் கீழே கிடந்தது. தம்மாமில் தைத்த சாம்பிள் என்றுதான் ஃபாரூக் அதை இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான். அம்மா வஹீதுன்னிசா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மக்ரிப் தொழுதுவிட்டு வந்த மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மற்ற பெண்கள் ரொட்டியும் தேநீரும் கொடுக்கக் கூடத்துக்குப் போயிருந்தார்கள்.

"அத்தா உங்கிட்ட ஒரு கேசட்டு குடுத்தாரா?"

ஆமாம் என்றான்.

"தூக்கிப் போட்டுட்டாரோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கேக்கல."

ஃபாரூக் நேற்றுச் சொல்ல வேண்டியதை இன்று சொன்னான். அதில் ஒன்றுமில்லை, மேலே பேசினால் கீழே இருப்பது போய்விடும், எந்த மெஷினாலும் எடுக்க முடியாது. சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது எனக்குத் தெரியாதா" என்றாள். "நீ முழுசா கேட்டியா?"

பத்து நிமிடம்தான் என்றான்.

"ஓதற பக்கத்த மொதல்லேருந்து போடணும். முல்க் முடிஞ்ச ஒடனே திருப்பிப் போடணும். அங்கதான் கீறா."

இந்த வரிசை ஃபாரூக்குக்குத் தெரிந்ததுதான்.

அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வீட்டில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. சில மாலைகளில் அம்மா அந்தப் பச்சை டப்பா கேசட்டைப் போடுவாள். ஹஜ்ரத் சூரத்துல் முல்க் ஓத ஆரம்பிப்பார். கபர் என்னும் மண்ணறையின் வேதனையிலிருந்து காக்கும் சூரா என்று சொல்வார்கள். அது தொடங்கியதுமே அத்தா எழுந்து கடைக்குப் போய்விடுவார். சாப்பாட்டில் பாதியில் இருந்தாலும் கை கழுவிவிட்டுப் போவார். எட்டு நிமிடம் கழித்து அம்மா கேசட்டைத் திருப்புவாள். திருப்புமுன், போய்க் குழாயில் தண்ணி வருதான்னு பாரு என்று இவனை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போடுவாள். ஒருநாள் குடத்தோடு திரும்பி வந்தபோது கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு சிறுபெண் பேசுவது கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறாள் போல என்று நினைத்தான். கதவு திறந்தபோது அம்மா மட்டும்தான் இருந்தாள். அவன் பத்தாவது படிக்கும்போது டேப்ரிக்கார்டர் கெட்டுப்போனது. அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை.

பி பக்கத்தின் தொடக்கம் ஏ பக்கத்தின் முடிவு. எட்டு நிமிட முல்க்குக்குப் பின்புறம், அத்தாவின் பேச்சு தீரும் இடம். மகளின் பேச்சு அவர் பேச்சைவிடக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும், அந்த வால் மட்டும் அழியாமல் நின்றுவிட்டது. தடுப்புத்துண்டை உடைத்தது யார் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது.

"அத்தாகிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா வெல்வெட்டின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல கோவம். அழிச்சவரு கேக்கக் கூடாதுன்னு வெச்சிக்கினேன். ஊக்கால அத ஒடச்சதும் நாந்தான். இன்னொரு வாட்டி பேசிடுவாரோன்னு. அப்பறம் நீ பொறந்த. கோவம் போயிடுச்சி. அப்பப் போயி சொன்னா, இத்தினி நாளா ஒளிச்சியா வெச்சிருந்தேன்னு கேப்பாரே. நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு…" நிறுத்தினாள். "முல்க் போட்டா எழுந்து போயிடுவாரு. நானும் எழுந்து போகட்டும்னுதான் போடுவேன். ஒரு நாளு உக்காந்திருந்தார்னா சொல்லியிருப்பேன்."

ஃபாரூக் வெளியே வந்து வெற்றிச்செல்வனுக்குப் போன் செய்தான். அவன் அதற்குள் மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். பச்சை டப்பா, மேல் தட்டு என்று ஃபாரூக் சொன்னதும் அந்தப் பக்கம் அவன், அதுவா என்று இழுத்தான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல மச்சான். கீழ ஒண்ணுமில்லன்னு நீ எழுதியிருந்தியா. திருமழிசைக்காரர் கேசட்டு ஒடஞ்சி போச்சா, அவர் டேப்ப போட நல்ல கூடு ஒண்ணு வேணும்னு, முந்தாநேத்து அதக் கயட்ட எடுத்தேன்."

"கயட்டிட்டியா?"

"இல்ல. மேல அத்தான்னு போட்டிருந்துச்சி. கை வரல. வெச்சிட்டேன்."

முக்கால் மணி நேரத்தில் ஆட்டோவில் டேப் டெக்கையும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். துக்க வீட்டுக்குள் ஸ்பீக்கர் போவதைப் பார்த்து அத்தாவின் தங்கை ரமீஜா குப்பி கூடத்தில் வழிமறித்தாள். "மவுத்தான ஊட்ல பாட்டு வைக்கப் போறியா? எங்கண்ணன் மேல மண்ணு கூட காயல" என்றாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "முல்க் ஓதுன கேசட்டு, ரமீஜா. இன்னிக்கு ஓத வேண்டியதுதான்."

குப்பி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தாள்.

வெற்றிச்செல்வன் உள்ளறைக்குள் வரவில்லை. வயரை நீட்டிக் கொடுத்துவிட்டு, வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கப் போனான். ஃபாரூக் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தான். கேசட்டை இரண்டு பக்கமும் பென்சில் விட்டுச் சுற்றி, இறுக்கம் தளர்கிறதா என்று பார்த்தான். இருபது வருஷம் முழுதாய் ஓடாத டேப்பு. ஒரு இழுப்பில் அறுந்தாலும் அறுந்துபோகும். லேப்டாப்பில் பதிவைத் தொடங்கிவிட்டு பி பக்கத்தைப் போட்டான்.

முல்க் தொடங்கியது. ஹஜ்ரத்தின் குரல் முதல் சில வினாடி தள்ளாடி, பிறகு நிலைக்கு வந்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது. அம்மா கதவைப் பார்த்தாள். யாரோ எழுந்து போவதற்கு இடம் விடுகிறவள்போல முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு, நினைவு வந்தவளாய், பழையபடி உட்கார்ந்தாள்.

எட்டு நிமிடம். கடைசி ஆயத்து. ஃபாரூக் நிறுத்தினான். எழுந்து கதவைச் சாத்தப்போனான்.

"தொறந்தே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அவன் கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

வாக்கியத்தின் நடுவிலிருந்து அத்தா வந்தார். கூடத்தில் யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"…வெல்வெட்டுத் துண்டு மீந்துச்சி. ஒனக்குன்னு ஒரு குட்டித் தலைகாணி தெச்சி வெச்சிருக்கேன் ரூஹிமா. வரும்போது எடுத்தாறேன். நீ பேசுனத பத்து வாட்டி கேட்டேன். இப்ப அத்தா இதுமேலயே பேசிட்டேன். நீ மறுபடி பேசி அனுப்பு, இன்னா? வெச்சிடறேன்."

டக் என்ற சத்தம். அதன்பின் வேறொரு அறையின் இரைச்சல். தம்மாம் பட்டறை இல்லை, இந்த வீடு. அதில் மிக மெலிதாக, சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல ஒரு குரல் ஏதோ சொன்னது. ஃபாரூக்குக்கு அது என்னவென்று தெரியும். சுற்றி வைத்த டேப்பில், ஒரு சுற்றின் ஒலி வருஷக்கணக்கில் அடுத்த சுற்றின்மேல் படிந்து, பேச்சுக்கு முன்னால் அதன் நிழல் வந்துவிடும். வாடிக்கையாளர்களுக்கு அவன் அதை நீக்கிக் கொடுப்பது வழக்கம். இரண்டு வினாடி கழித்து அதே குரல் பக்கத்தில் வந்தது.

"அம்மா, இன்னும் சுத்துது. அத்தா ஏன் பேச மாட்டேன்றாரு?"

"கேட்டுட்டுப் பேசுவாரு." இது அம்மா, இருபத்தைந்து வயது அம்மா.

"அத்தா…" என்று நீட்டிக் கூப்பிட்டது குழந்தை. யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.

பதினோரு வினாடி. அதற்கப்புறம் வெறும் டேப்பு. ஃபாரூக் தன் சட்டத்தை மீறவில்லை, நிறுத்தாமல் ஓடவிட்டான். சக்கரம் இரண்டும் ஓசையில்லாமல் சுற்றின. வாசலில் வெற்றிச்செல்வன் அடுக்கிக்கொண்டிருந்த நாற்காலிகளின் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. ரமீஜா குப்பி கதவோரம் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டேப்பு தீர்ந்து, டெக் தானாக நின்றது.

அம்மா தலையணையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

"மறுபடி போடு" என்றாள். "நேரா அங்க போவாத. முல்க்லேருந்து போடு."

ஃபாரூக் கேசட்டைத் திருப்பி மாட்டினான். முல்க் தொடங்கியது. கதவு திறந்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.